பாட்டு எங்களுடையது, காசு யாருக்குப் போகிறது? திருகோணமலைப் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தக் கேள்விகளில் முக்கால்வாசி என் வட்ஸ்அப்பில் வந்தவை. மிச்சம் உவர்மலையில் நாங்கள் ஒத்திகை பார்க்கிற அறையில் கேட்டவை, ஒன்றிரண்டு கலியாண வீட்டுப் பந்தியில் கேட்டவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன். நான் சட்டத்தரணி இல்லை. இருபது வருடமாகப் பாட்டுக்கு வரி எழுதுகிறவன், இடையில் சில மெட்டுகளும் போட்டவன், காசைக் கோட்டைவிட்டு அதில் கொஞ்சம் படித்தவன்.

ஒரு பாட்டுக்கு எத்தனை உரிமையாளர்கள்?

இதை விளங்கிக்கொள்ளாமல் மற்றதைப் படித்துப் பயனில்லை, ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பாட்டு வேறு, பாட்டின் ஒலிப்பதிவு வேறு. நீங்கள் கீபோர்ட்டில் ஒரு மெட்டுப் போடுகிறீர்கள், கூட்டாளி வரி எழுதுகிறார், லிங்கநகரில் மூன்றாவது ஆள் ஒருவர் தன் கைக்காசில் ஸ்டூடியோ பிடித்துப் பதிவு செய்கிறார், நான்காவதாக ஒரு தங்கச்சி வந்து பாடுகிறாள். மெட்டு உங்களுடையது, வரி கூட்டாளியுடையது, இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பாட்டு. அந்தப் பதிவு காசு போட்டுத் தயாரித்தவருடையது. பாடிய தங்கச்சிக்கு நிகழ்த்துநர் என்ற வகையில் தனி உரிமை இருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் அதே பாட்டை வேறு ஸ்டூடியோவில் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் பழைய பதிவுக்காரருக்கு அதில் ஒன்றுமில்லை, ஆனால் மெட்டுக்காரருக்கும் வரிக்காரருக்கும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் கதைக்கப்போவது அந்த இரண்டு பேரைப் பற்றித்தான்.

எங்கள் ஊரில் பாட்டு என்றால் பாடியவர் பாட்டு. போஸ்டரிலும் அப்படி, வானொலியிலும் அப்படி. அந்தப் பழக்கம்தான் காசிலும் வந்து நிற்கிறது.

கூட்டு முகாமைத்துவம் என்றால் என்ன? பெயரே பயமுறுத்துகிறது.

பெயர்தான் பெரிது. உங்கள் பாட்டு திருகோணமலை–கொழும்பு இரவு பஸ்ஸில் ஓடுகிறது, நிலாவெளி ஹோட்டலில் ஓடுகிறது, வானொலியில் ஓடுகிறது, டொரொண்டோவில் யாரோ ஒருவரின் பிறந்தநாள் மண்டபத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் நீங்களே போய் "என் பாட்டுக்குக் காசு தாங்கள்" என்று கேட்க முடியாது, பஸ் கந்தளாய் தாண்டுவதற்குள் ஐந்து பேரின் பாட்டு ஓடி முடிந்துவிடும். பஸ்காரரும் ஐந்து பேரையும் தேடிப்பிடித்து அனுமதி கேட்கப்போவதில்லை. அதனால் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, அந்தச் சங்கம் எல்லோர் சார்பிலும் ஒரே அனுமதிப்பத்திரம் கொடுத்து, ஒரே கட்டணம் வாங்கி, பிறகு பிரித்துக் கொடுக்கிறது. இதுதான் கூட்டு முகாமைத்துவம்.

இது தொடங்கிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் ஒரு கபேயில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தபோது அங்கே அவருடைய பாட்டையே பாடியிருக்கிறார்கள். குடித்ததற்குக் காசு கேட்டதும், "என் பாட்டை நீ காசு தராமல் பாவிக்கிறாய், உன் பானத்தை நான் காசு தராமல் குடிக்கிறேன்" என்ற கணக்கில் மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றம் போனது, அவர் வென்றார். அதிலிருந்து 1851இல் உருவானதுதான் பிரான்ஸின் சசெம் சங்கம், இன்றைக்கும் இயங்குகிறது. இங்கிலாந்தின் பி.ஆர்.எஸ் 1914இல் வந்தது, இந்தியாவின் ஐ.பி.ஆர்.எஸ் 1969இல். இப்படிப்பட்ட சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு சிசாக், 1926இல் தொடங்கியது.

சங்கம் வாங்குகிற காசு என் கைக்கு எப்படி வருகிறது?

பாட்டுப் பட்டியல் வழியாக.

ஒரு வானொலி வருடத்துக்கு ஒரு மொத்தத் தொகையைச் சங்கத்துக்குக் கட்டுகிறது. அத்தோடு தான் ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியலையும் கொடுக்க வேண்டும், எந்தப் பாட்டு, யார் எழுதியது, யார் மெட்டு, எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று. சங்கம் தன் நிர்வாகச் செலவைக் கழித்துவிட்டு, சில சங்கங்கள் கலைஞர் நலநிதிக்கும் ஒரு துண்டு எடுத்துவிட்டு, மிச்சத்தை அந்தப் பட்டியலின்படி பிரிக்கிறது. கணக்குக்காக ஒரு உதாரணம்: கழிவெல்லாம் போக 100,000 ரூபாய் இருக்கிறது, பட்டியலில் மொத்தம் 10,000 தடவை பாட்டுகள் ஓடியிருக்கின்றன, உங்களுடையது 50 தடவை. எல்லாப் பாட்டும் ஒரே நீளம் என்று வைத்தால் உங்கள் பாட்டுக்கு 500 ரூபாய், அதை வரிக்காரரும் மெட்டுக்காரரும் பிரித்தால் ஆளுக்கு 250. சிரிக்காதீர்கள், இது ஒரு நிலையத்துக்கு மட்டும் போட்ட கணக்கு, உண்மையில் இப்படிச் சில்லறை சில்லறையாகத்தான் சேரும்.

ஹோட்டலும் பஸ்ஸும் பட்டியல் எழுதித் தரப்போவதில்லை. அப்படிப்பட்டவற்றில் சில இடங்களை மட்டும் மாதிரிக்கு எடுத்துப் பார்த்தோ, வானொலிப் பட்டியலை அளவுகோலாக வைத்தோ பிரிப்பார்கள். இதில் சின்னக் கலைஞனுக்கு நட்டம்தான். கோயில் வாசலில் மட்டும் ஓடுகிற பாட்டு வானொலிப் பட்டியலில் இராது, ஆகவே வாசலில் வந்த காசும் வானொலியில் ஓடிய சினிமாப் பாட்டுக்கே போய்ச் சேரும். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் இதைவிட மலிவான வழி ஒன்றையும் நான் காணவில்லை.

இன்னொன்று. பட்டியலில் பாட்டின் பெயர் இருந்து எழுதியவர் பெயர் இல்லாவிட்டால், அல்லது பெயர் இருந்து சங்கத்தின் பதிவேட்டில் அந்தப் பாட்டு இல்லாவிட்டால், காசு உரியவர் தெரியாத காசாக ஒதுங்கிக் கிடக்கும். சில வருடம் காத்திருந்துவிட்டு, பொதுவாக மற்ற உறுப்பினர்களுக்கே அதைப் பிரித்துவிடுவார்கள். ஒருவரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள்.

இலங்கைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறதா?

ஓம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். சொற்களோடு வந்தாலும் சொற்கள் இல்லாமல் வந்தாலும் இசைப் படைப்புக்குப் பாதுகாப்பு உண்டு. மற்றவர்களின் படைப்புகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிற சங்கம் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் பதிவு பெற வேண்டும். ஆனால் உங்கள் சொந்தப் பாட்டுக்கு நீங்களே தனியாக அனுமதி கொடுப்பதை இது தடுக்கவில்லை. வேண்டுமென்றே உரிமையை மீறினால் நீதவான் 500,000 ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

யாராவது ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு வந்து "சங்கம், சங்கம்" என்றால், உறுப்பினராகச் சேர்வதற்கோ காசு கட்டுவதற்கோ முன் அந்தச் சங்கம் பதிவில் இருக்கிறதா, எந்த உரிமைகளுக்குப் பதிவில் இருக்கிறது என்று கொழும்பு அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பாட்டை எங்கேயும் பதிவு செய்யவில்லை. உரிமை போய்விட்டதா?

போகவில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை வந்துவிட்டது. பதிப்புரிமைக்கு அரசாங்கப் பதிவு தேவையில்லை, பேர்ன் உடன்படிக்கை என்கிற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் இருக்கிற எல்லா நாட்டிலும் இதுதான் வழமை.

ஆனால் உரிமை இருப்பதும் அதை நிரூபிப்பதும் இரண்டு வேலை. பாட்டில் யார் பெயர் போட்டிருக்கிறதோ அவரே ஆசிரியர் என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் பெயர் போடுவதில் வெட்கப்படாதீர்கள். நான் பட்டது இது: என் பாட்டு ஒன்று ஒரு வானொலியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது, நானே பஸ்ஸில் கேட்டிருக்கிறேன், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா முணுமுணுத்தும் வந்தார். ஒரு தடவைகூட என் பெயர் வரவில்லை. கேட்டபோது, தங்களுக்குத் தந்த கோப்பில் பாடகர் பெயர் மட்டும்தான் இருந்தது என்றார்கள். கோப்பை அனுப்பியது எங்கள் கூட்டத்துப் பெடியன்தான், எம்பி3 கோப்புக்குள் பெயர் எழுதும் இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறான். வானொலியில் கோபப்படுவதா அவனில் கோபப்படுவதா என்று தெரியாமல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன்.

கைப்பிரதியைத் திகதியோடு படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், முதல் பதிவின் குரல்பதிவை அழிக்காதீர்கள். முக்கியமான பாட்டென்றால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைப்பதும் நல்லது.

வரிக்கு எவ்வளவு, மெட்டுக்கு எவ்வளவு?

நீங்கள் பேசி முடிப்பதுதான். பாதிக்குப் பாதி என்பது பரவலான வழக்கம். இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ் வழியாக வருகிற காசில் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனத்துக்குப் பாதி, மிச்சப் பாதியில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சம பங்கு.

சண்டை வருவது சதவீதத்தில் இல்லை, நேரத்தில். பாட்டு ஓடுவதற்கு முன் எல்லோரும் "அண்ணே, நீங்கள் சொல்கிறதுதான்" என்பார்கள். ஓடின பிறகு, இடையிசை போட்டவர் தானும் இசையமைப்பாளர் என்பார், இரண்டு சொல்லை மாற்றிப் பாடியவர் தானும் பாடலாசிரியர் என்பார். சிலநேரம் அவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். ஆகவே பதிவு நடக்கிற அன்றே, பிளேன்ரீ குடிக்கிற நேரத்தில் ஒரு தாளை எடுங்கள். பாட்டின் பெயர், முதல் வரி, திகதி, ஒவ்வொருவரின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், வரியில் யாருக்கு எத்தனை வீதம், மெட்டில் யாருக்கு எத்தனை வீதம், பதிவு யாருடையது, எல்லோர் கையெழுத்தும். மொத்தம் 100 வருகிறதா என்று கூட்டிப் பாருங்கள். எங்கள் ஒரு தாளில் 110 வந்தது, மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். நான் இதைப் பங்குத் தாள் என்று சொல்கிறேன், பெடியன்கள் சீட்டு என்கிறார்கள். எந்த நாட்டுச் சங்கத்தில் பாட்டைப் பதிந்தாலும் முதலில் கேட்பது இதிலுள்ள விவரங்களைத்தான். இரண்டு பேர் வெவ்வேறு வீதம் எழுதி அனுப்பினால் சங்கம் காசை இரண்டு பேருக்கும் நிறுத்தி வைத்துவிடும், நீங்கள் சமாதானமாகும் வரைக்கும்.

நண்பனிடம் கையெழுத்துக் கேட்பது அவமரியாதை என்று நினைக்கிறவர்கள் இங்கே நிறைய. காணி எழுதும்போது அண்ணன் தம்பிக்குள்ளேயே நொத்தாரிசிடம் போகிறோம்தானே.

"பாட்டை மொத்தமாகக் கொடுத்துவிட்டேன்." இனி ஒன்றும் கிடைக்காதா?

எப்படிக் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். கையில் ஐயாயிரம் தந்து "முடிந்தது" என்று சொன்னதால் மட்டும் பதிப்புரிமை கைமாறாது. எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால் அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான், போய் வாசியுங்கள்.

சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த வேலையாகவே எழுதிய பாட்டென்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொருளாதார உரிமை முதலாளியுடையது. குறும்படத்துக்கு எழுதியது வேறு: படத்தின் உரிமை தயாரிப்பாளருக்கு, ஆனால் படத்திலிருந்து பிரிந்து பாட்டுத் தனியாகப் பயன்படும் இடங்களில் உங்கள் உரிமை உங்களிடமே. இங்கே குறும்படம் எடுக்கிற பெடியன்கள் கூடிவிட்டார்கள், எழுதிக் கொடுக்கிறவர்களும் இதைத் தெரிந்து வைத்திருங்கள். பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை எப்படியும் உங்களோடுதான், உயிரோடிருக்கும்வரை அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

இந்தியாவில் 2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்கில் படத்தோடு காட்டுவது தவிர்ந்த மற்றப் பயன்பாடுகளுக்கு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ரோயல்டியில், அதாவது பாட்டைப் பாவிப்பதற்காக வருகிற காசில், தங்களுக்குள்ள சம பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கவே முடியாது, எழுதினாலும் செல்லாது. மாநிலங்களவையில் இதற்காக நின்றவர்களில் ஜாவேத் அக்தர் முக்கியமானவர், அவரே பாடலாசிரியர். இந்தியக் கம்பனிகளோடு ஒப்பந்தம் செய்கிற எங்கள் ஆட்கள் இதைக் கேட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

யூடியூப்பும் ஸ்பொட்டிஃபையும் காசு தருகின்றனவே, பிறகு சங்கம் எதற்கு?

டிஸ்ட்ரோகிட் மாதிரி விநியோகச் சேவை ஒன்றின் ஊடாகப் பாட்டை ஏற்றினால் அது கொண்டுவருவது ஒலிப்பதிவின் பங்கை. பாட்டின் பங்கு, அதாவது வரியும் மெட்டும், வேறு வாய்க்காலில் போகிறது, அந்த வாய்க்காலின் மறுமுனையில் நிற்பவை சங்கங்களும் இசைப் பதிப்பகங்களும். முதல் கேள்விக்குச் சொன்ன வித்தியாசம் இங்கேதான் காசாக மாறுகிறது.

அடையாளம் காட்டுகிற இலக்கங்களும் இரண்டு. ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி, விநியோகச் சேவையே தந்துவிடும். பாட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி, டி என்ற எழுத்தில் தொடங்கும், அது சங்கத்தில் பாட்டைப் பதியும்போது வருவது. முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவதும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருக்கிறவர்களை நான் நிறையச் சந்திக்கிறேன்.

கோணேசர் மேல் பாடிய தேவாரத்துக்கு மெட்டுப் போட்டேன். யாருக்குக் காசு?

சம்பந்தருக்கு இல்லை! அது ஏழாம் நூற்றாண்டு, வரி எல்லோருக்கும் பொது. ஆனால் நீங்கள் புதிதாகப் போட்ட மெட்டு உங்களுடையது. அதே தேவாரத்துக்கு நான் வேறு மெட்டுப் போடலாம், உங்கள் மெட்டை எடுக்க முடியாது. பரம்பரையாக ஓதுவார்கள் பாடிவரும் பண்ணையே பாடிவிட்டு மெட்டு என்னுடையது என்று பதிந்தால் அது பொய்ப் பதிவு.

விபுலாநந்த அடிகளின் கவிதைகளையும் கேட்கிறார்கள். அடிகள் 1947இல் மறைந்தார். ஆசிரியர் மறைந்து 70 வருடம் வரைதான் இங்கே பாதுகாப்பு, அது 2017ஓடு கடந்துவிட்டது. தாராளமாக மெட்டுப் போடுங்கள், பெயரை மட்டும் போட மறக்காதீர்கள். கண்ணதாசன் அப்படியில்லை. அவர் மறைந்தது 1981இல், இந்தியக் கணக்கான 60 வருடத்தில்கூட 2041 முடியும்வரை உரிமை உண்டு.

திருவிழாவில் எங்கள் இசைக்குழு சினிமாப் பாட்டுப் பாடுகிறது. நாங்கள் கட்ட வேண்டுமா?

குடும்பமும் நெருங்கிய உறவு நட்பும் தாண்டி வெளியாட்கள் வரக்கூடிய இடமென்றால் சட்டத்தின் கண்ணில் அது பொது நிகழ்ச்சி. உலக வழக்கத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்கிறவர், அதாவது உபயகாரரோ கழகமோ, மேடையில் நிற்கிற ட்ரம் அடிக்கிற பெடியன் இல்லை. இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 2017இல் தன் பாட்டுகளை அனுமதியில்லாமல் மேடையில் பாடக்கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் போனபோது எங்கள் ஊர் தேநீர்க் கடைகளில் எல்லாம் "நண்பனுக்கே நோட்டீஸா" என்றுதான் கதைத்தார்கள், அனுமதி எடுக்க வேண்டியது பாடகரா ஏற்பாட்டாளரா என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

பாடிய பாட்டுகளின் பட்டியலையும் எழுதி வையுங்கள். அதில் உங்கள் சொந்தப் பாட்டு இரண்டு இருந்தால் அதற்கும் பங்கு வரவேண்டும்.

உப்புவெளியில் விடுதி வைத்திருக்கிறேன். ஸ்பொட்டிஃபைக்குக் காசு கட்டித்தானே போடுகிறேன்?

அது உங்கள் காதுக்கு மட்டும் கட்டிய காசு. தனிப்பட்ட பாவனைக்கு என்று அவர்களின் நிபந்தனையிலேயே இருக்கிறது.

வெளிநாட்டுச் சங்கத்தில் சேரலாமா?

வேறு நாட்டுக்காரர்களையும் சேர்க்கிற சங்கங்கள் இருக்கின்றன. எங்கள் பாட்டைக் கேட்பவர்களில் பெரும்பகுதி கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ் என்று இருக்கும்போது யோசிக்க வேண்டிய விஷயம்தான். சங்கங்களுக்குள் பரஸ்பர ஒப்பந்தம் உண்டு: பாரிஸில் உங்கள் பாட்டு ஓடினால் சசெம் வாங்கி, உங்கள் சங்கத்துக்கு அனுப்பி, அது உங்களுக்குத் தரும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழியும், மாதங்களும் போகும்.

ஒரே உரிமையை ஒரே நாட்டுக்கு இரண்டு சங்கத்திடம் கொடுக்காதீர்கள், இரண்டும் உரிமை கோரி இரண்டிலும் நின்றுவிடும். சேர்ந்ததும் ஐ.பி.ஐ என்று ஒரு எண் உங்களுக்கு வரும், அதைப் பத்திரப்படுத்தி வையுங்கள். உலகம் முழுக்க உங்களை அடையாளம் காட்டுவது அந்த எண்தான், எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறோமே, அந்தக் குழப்பத்துக்கு இதுதான் மருந்து.

சங்கமே காசைச் சாப்பிட்டால்?

நடக்காத காரியம் இல்லை. சேருமுன் கேளுங்கள்: கணக்காய்வு செய்த வருடக் கணக்கைக் காட்டுவார்களா, நிர்வாகச் செலவு எத்தனை வீதம், பிரிக்கிற விதிமுறை எழுத்தில் இருக்கிறதா, தமிழ்ப் பாட்டுப் பட்டியலைத் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்கிறாரா, விலக வேண்டுமென்றால் எவ்வளவு முன்னறிவித்தல். கடைசிக்கு முதல் கேள்விக்கு என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தார், நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

நான் போன பிறகு பிள்ளைகளுக்கு வருமா?

வரும், 70 வருடத்துக்கு. பங்குத் தாள்கள் எந்த அலுமாரியில் இருக்கின்றன என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.

உங்களுக்கு இதுவரை எவ்வளவு வந்தது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியாக, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். முதல் தடவை வந்த தொகைக்குக் கிண்ணியாத் தயிர் இரண்டு சட்டி வாங்கலாம். வாங்கினேன். ஒரு சட்டியை மெட்டுப் போட்ட தம்பி வீட்டுக்கு அவனுடைய பங்காக இருக்கட்டும் என்று கொடுத்தனுப்பினேன். அவனுக்கும் அவன் காசு தனியாக வந்திருந்தது என்று அடுத்த வாரம்தான் சொன்னான், தயிரை முடித்துவிட்டு.